வண்டிக்குப் பின்னால் ஒரு கண்: ரிவர்ஸ் கேமராவை நாமே பொருத்தலாம்

தோட்டத்து வண்டியை முன்னால் ஓட்டுகிற நேரத்துக்குச் சமமாகப் பின்னால் எடுக்கிற நேரமும் இருக்கிறது. எருக்குழிக்கு ரிவர்ஸ், கட்டுத்தறிக்கு ரிவர்ஸ், களத்தில் மூட்டை ஏற்ற ரிவர்ஸ், சந்தையில் காய்கறிக் கூடைகளை இறக்க ரிவர்ஸ். டவுனில் கார் வைத்திருப்பவர் வாரத்தில் பத்து தடவை ரிவர்ஸ் எடுத்தால், நாம் ஒரே நாளில் அவ்வளவு எடுத்துவிடுகிறோம்.

அப்படி எடுக்கும்போது நம் வண்டிக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோழி, குஞ்சு, நாய், கன்றுக்குட்டி, களத்தில் குனிந்து கூட்டுகிற அம்மா, விடுமுறைக்கு வந்திருக்கிற பேரக்குழந்தைகள். குழந்தைகளுக்கு வண்டிச் சத்தம் கேட்டால் விலகத் தோன்றாது. ஓடி வந்து பார்க்கத்தான் தோன்றும். அவர்களை ஏற்றிவிடுகிறவர் பெரும்பாலும் வெளியாளாக இருப்பதில்லை. அப்பாவோ, தாத்தாவோ, மாமாவோதான்.

அமெரிக்காவில் ஒரு தந்தை தன் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது இரண்டு வயது மகனை இழந்தார். அந்தக் குழந்தையின் பெயரில் 2008இல் அங்கே ஒரு சட்டமே வந்தது. அதைத் தொடர்ந்து 2018 மே மாதம் முதல் அந்த நாட்டில் விற்கும் புதிய கார், பிக்கப் எல்லாவற்றிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளத்துக்கு டிரைவருக்குத் தெரிய வேண்டும், கியர் போட்ட 2 விநாடிக்குள் படம் வர வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாகியுள்ளது. ஆனால் நம்மில் பலர் ஓட்டுவது அதற்கு முந்தைய வண்டி, அல்லது சரக்கு வண்டி. அதில் கேமராவும் இருக்காது, சென்சாரும் இருக்காது.

அதை நாமே பொருத்திக்கொள்ள முடியும். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. வங்கியில் லெட்ஜர் பார்த்து ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கு வந்தவன். என் குட்டியானையில் ஒரு மதியப் பொழுதில் பொருத்தி முடித்தேன். இதுல கம்பசூத்திரம் ஒண்ணும் இல்லீங்க. நாலு கம்பி எங்கே போகிறது என்று புரிந்துகொண்டால் போதும்.

முதலில் குடம் வைத்துப் பாருங்கள்

வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் மறைவிடம் எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். செலவில்லாத சோதனை. டிரைவர் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். ஒருவர் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வண்டியின் பின்பக்கத்துக்கு நேர் நடுவில் தரையில் வைக்கட்டும். கண்ணாடியிலும் பின் ஜன்னலிலும் பாருங்கள். தெரியாவிட்டால் ஓரடி ஓரடியாகக் குடத்தைப் பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். எப்போது தெரிகிறதோ அங்கே ஒரு கல் வையுங்கள்.

என் வண்டியில், மேலே ஒரு சுமையும் இல்லாதபோதே, குடம் கண்ணில் பட 14 அடி ஆனது. தவழும் குழந்தையோ, உட்கார்ந்து மண்ணில் விளையாடும் குழந்தையோ அந்தக் குடத்தின் உயரம்தான் இருக்கும். மூட்டை ஏற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டால் பின் ஜன்னல் மொத்தமாக மறைந்துவிடும். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் வண்டியின் ஓரத்தைக் காட்டும். நேர் பின்னால் இருப்பதைக் காட்டாது.

மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நாம் நடக்கிற வேகம். அந்த வேகத்தில் பின்னால் போனாலும் 14 அடியைக் கடக்க 3 விநாடிதான் ஆகும். கேமரா தேவையா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில்.

எப்படி வேலை செய்கிறது?

ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறது அல்லவா? சாவி ஆன் நிலையில் கியர் விழும்போது ஒரு சுவிட்ச் அமுங்கி, அந்த விளக்குக்கு 12 வோல்ட் மின்சாரம் போகிறது. அதே மின்சாரத்தைக் கேமராவுக்கும் திரைக்கும் கொடுத்துவிட்டால், ரிவர்ஸ் போட்டதும் படம் வரும், எடுத்ததும் போகும். இவ்வளவுதான் தத்துவம்.

விளக்கின் கம்பி இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்று கேட்பீர்கள். ரிவர்ஸ் பல்பு சாதாரணமாக 21 வாட். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. சிறிய கேமராவும் 4.3 அங்குலத் திரையும் சேர்ந்து அரை ஆம்பியரைத் தொடுவதில்லை. தாராளமாகத் தாங்கும்.

கேமராவிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டு போவது தனிக் கம்பி. பழைய டி.வி.யில் வி.சி.டி. பிளேயரைச் சொருகுவோமே, அதே மஞ்சள் பின்தான். அந்த நீளக் கம்பியோடு ஒட்டி மெல்லிய சிவப்புக் கம்பி ஒன்றும் ஓடும். பின்னால் இருக்கும் ரிவர்ஸ் மின்சாரத்தை முன்னால் திரைக்குக் கொண்டுபோக அது உதவும். கடைக்காரர் தரும் செட்டில் இந்தச் சிவப்புக் கம்பி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால் டாஷ்போர்டு பியூஸ் பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வோல்டேஜ்: குட்டியானை, பிக்கப், ஜீப், டிராக்டர் எல்லாம் 12 வோல்ட். பெரிய லாரிகள் 24 வோல்ட். 12 வோல்ட் கேமராவை 24இல் கொடுத்தால் அந்த நிமிடமே கருகிவிடும். பெரிய வண்டிக்கு 12–24 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

தண்ணீர், தூசுத் தாங்கு திறன்: கேமராவில் ஐ.பி. என்ற எழுத்தோடு இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 6 என்றால் தூசு உள்ளே போகாது. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். நம் சேற்றுக்கும் சாணிக்கும் ஐ.பி. 67க்குக் குறையாமல் வேண்டும். பம்பு வைத்து வேகமாகத் தண்ணீர் அடித்து வண்டி கழுவுகிறவர்கள் 69கே என்று எழுதியதைத் தேடலாம். அது உயர் அழுத்தத் தண்ணீருக்கென்றே உள்ள தரம்.

கேமராவும் திரையும் ஒரே வகையா: பழைய வகைக் கேமராவுக்கு சி.வி.பி.எஸ். என்றும், கூடுதல் தெளிவுள்ளதற்கு ஏ.ஹெச்.டி. என்றும் பெயர். ஏ.ஹெச்.டி. கேமராவைப் பழைய வகைத் திரையில் சொருகினால் படம் வராது. தனித்தனியாக வாங்குகிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். செட்டாக வாங்கினால் கவலை இல்லை.

கம்பியா, வயர்லெஸா: வயர்லெஸ் என்றால் கம்பியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் கேமராவுக்கும், முன்னால் திரைக்கும் மின்சாரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மிச்சமாவது நடுவில் உள்ள ஒரு கம்பி மட்டும். அதற்காகப் படம் விட்டு விட்டு வருவதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. குட்டியானை அளவு வண்டிக்குக் கம்பியே நல்லது.

கம்பி நீளம்: காருக்கான செட்டில் 6 மீட்டர் வரும். சரக்கு வண்டியில் வளைந்து நெளிந்து போக அது போதாமல் போகலாம். நூல் வைத்து அளந்துவிட்டு, அதற்கு மேல் ஒரு மீட்டர் கூட இருக்கும்படி வாங்குங்கள்.

தேவையான சாமான்கள்

10 நம்பர் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்ட் லாம்ப் அல்லது மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் ஸ்லீவ், கம்பி கட்டும் டை, கம்பிக்கு மேல் போடும் நெளிவு பைப், ஒரு ஆம்பியர் பியூசும் அதன் கூடும், துருப்பிடிக்காத நட்டு போல்ட், கொஞ்சம் வாசலின். மோட்டார் ரூமில் பாதி இருக்கும். சால்டரிங் அயர்ன் இல்லாதவர்கள் அழுத்தி இணைக்கும் கனெக்டர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

கேமராவுக்கு இடம் பார்த்தல்

காருக்குச் சொல்கிற இடம் நம்பர் பிளேட்டுக்கு மேலே. சரக்கு வண்டியில் அங்கேதான் சிக்கல். பின்பக்கத் தட்டியைத் திறந்து தொங்கவிட்டுக்கொண்டுதான் பாதி நேரம் ரிவர்ஸ் எடுக்கிறோம். தட்டியில் கேமரா வைத்தால் அது தரையைப் பார்க்கும். தட்டிக்குக் கீழே தொங்கும் இடத்தில் வைத்தால் தட்டி அதை மறைத்துவிடும், அல்லது இடித்து உடைத்துவிடும்.

அதனால் தட்டியை முழுக்க இறக்கிவிட்டு, அது எதுவரை வருகிறது என்று முதலில் பாருங்கள். அதற்குக் கீழே, அசையாத பாகத்தில் இடம் தேடுங்கள். பின் பம்பர், அல்லது நம்பர் பிளேட் மாட்டியிருக்கும் தகட்டுக்குப் பக்கம் பெரும்பாலும் சரிவரும். தரையிலிருந்து 2 அடிக்குக் குறையாமல் கிடைத்தால் நல்லது. அதற்கும் கீழே போனால் சேறு அடிக்கும்.

இன்னும் சில கட்டுப்பாடுகள். நம்பர் பிளேட்டின் எழுத்தையோ எண்ணையோ கேமரா மறைக்கக் கூடாது. மோட்டார் வாகன விதிப்படி அது குற்றம். விளக்குகளையும் மறைக்கக் கூடாது. சைலன்சர் புகை நேராக அடிக்கும் பக்கம் வேண்டாம், கண்ணாடி கரிபிடிக்கும். முக்கியமாக, சேசிஸ் சட்டத்தில் புதிதாகத் துளை போடாதீர்கள். சுமை தாங்கும் இரும்பு அது. ஏற்கெனவே இருக்கும் துளையைப் பயன்படுத்துங்கள், அல்லது ஒரு எல் வடிவத் தகட்டை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பம்பர் தகட்டில் துளையிட்டால் அந்த ஓரத்தில் பெயிண்ட் தடவுங்கள். இல்லாவிட்டால் முதல் மழைக்கே துரு பிடிக்கும்.

இறுக்கி முடிக்க வேண்டாம். படம் பார்த்த பிறகு சாய்வைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ரிவர்ஸ் விளக்கின் கம்பியைக் கண்டுபிடித்தல்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இன்ஜின் நின்றிருக்கட்டும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ரிவர்ஸ் கியர் போடுங்கள். பின்னால் வெள்ளை விளக்கு எரியும். எரியாவிட்டால் முதலில் பல்பையும் கியர் சுவிட்சையும் சரிசெய்ய வேண்டும். சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும்தான் ரிவர்ஸ் விளக்கு இருக்கும்.

இப்போது அந்த விளக்கின் பின்பக்கக் கம்பிகளில் எது ரிவர்ஸ் கம்பி என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை வண்டியின் இரும்பில் மாட்டி, ஊசியை ஒவ்வொரு கம்பியின் முனையிலும் தொடுங்கள். ரிவர்ஸ் போட்டால் எரிந்து, நியூட்ரலுக்கு வந்தால் அணைகிற கம்பிதான் நமக்கு வேண்டியது. மல்டிமீட்டர் என்றால் டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். கியரைப் போட்டும் எடுத்தும் இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, அந்தக் கம்பியில் ஒரு டேப்பை அடையாளத்துக்குச் சுற்றிவிடுங்கள். பிரேக் விளக்குக் கம்பியையோ இண்டிகேட்டர் கம்பியையோ வெட்டிவிட்டுத் தேடுவதைவிட இந்த ஐந்து நிமிடம் மலிவு.

அடையாளம் வைத்தாயிற்றா? இனி சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். முதலில் கழற்றுவது நெகட்டிவ், கடைசியில் மாட்டுவதும் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டு நெருப்புப் பறக்கும்.

இணைப்பு

கேமராவில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு மின் கம்பிகள் இருக்கும். செய்ய வேண்டியது இது.

ஒன்று: அடையாளம் வைத்த ரிவர்ஸ் கம்பியிலிருந்து ஒரு சிறு கிளைக் கம்பி எடுத்து, அதில் ஒரு ஆம்பியர் பியூசைப் போடுங்கள்.

இரண்டு: பியூசின் மறுமுனையில் கேமராவின் சிவப்பையும், நீளக் கம்பியோடு வரும் மெல்லிய சிவப்பையும் சேர்த்து இணையுங்கள். பியூஸ் இரண்டுக்கும் சேர்த்துக் காவல்.

மூன்று: கேமராவின் கறுப்பை வண்டியின் இரும்போடு இணையுங்கள். பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினால் துரு வராது. விளக்கின் எர்த் கம்பி அருகிலேயே கிடைத்தால் அதிலும் சேர்க்கலாம்.

நான்கு: மஞ்சள் பின்னை நீளக் கம்பியின் பின்னோடு சொருகி, அந்த மூட்டின் மேல் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். தண்ணீர் புகும் முதல் இடம் இதுதான்.

எர்த் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எங்க ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி ஒருத்தர் சொல்வார்: "ஏனுங்கய்யா, வண்டியில கரண்ட்டு போறதுல வம்பு வர்றதில்லீங்க. திரும்பி வர்ற வழியிலதானுங்க வம்பே." படம் நடுங்குகிறது, கோடு கோடாக வருகிறது என்றால் பத்துக்கு எட்டு எர்த்தைத்தான் பார்க்கச் சொல்கிறார்.

கம்பியைச் சும்மா முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகாதீர்கள். மண் பாதையில் அதிர்கிற வண்டி நம்முடையது. வெயிலில் டேப்பின் பசை உருகி, கம்பி பிரிந்துவிடும். ஈயம் வைத்து, ஸ்லீவ் சுருக்கினால் வருஷக் கணக்கில் நிற்கும்.

புதிய வண்டி, வாரண்டியில் இருக்கிறது என்றால், கம்பியில் கை வைக்கும் முன் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மின் இணைப்பில் கை வைத்ததைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது.

கம்பியை முன்னால் கொண்டுவருதல்

வேலையில் பாதி நேரம் இதற்குத்தான். நீளக் கம்பி முழுவதையும் நெளிவு பைப்புக்குள் விடுங்கள். கல் அடி, சேறு, அதைவிட முக்கியமாக எலி. தோட்டத்தில் நிற்கும் வண்டியில் எலி கடிக்காத கம்பி உண்டா? பைப் போட்டால் முழுக்கத் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பி நேரடியாக வாயில் அகப்படாது.

வண்டியின் சொந்த ஒயரிங் சேசிஸ் ஓரமாக எப்படிப் போகிறதோ அதே வழியில், ஓர் அடிக்கு ஒரு டை போட்டுக் கட்டுங்கள். கம்பெனிக்காரன் யோசித்து விட்ட வழி அது. மூன்று இடங்களை விட்டு விலகியே போக வேண்டும்: சைலன்சர், சுழலும் ஷாஃப்ட், மேலும் கீழும் ஆடும் பட்டைகளும் சக்கரங்களும். கம்பி தளர்ந்து ஷாஃப்டில் சுற்றினால் பிய்த்தெறிந்துவிடும். வண்டிக்குக் கீழே போக வேண்டுமென்றால் ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி டயர் கழற்ற மட்டும்தான். குழி உள்ள பட்டறையிலோ, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது பக்கவாட்டிலிருந்தோ வேலை செய்யுங்கள்.

கேபினுக்குள் நுழைய, ஏற்கெனவே கம்பிகள் நுழையும் ரப்பர் வளையத்தையே பயன்படுத்துங்கள். புதுத் துளை போட்டால் அங்கும் ரப்பர் வளையம் போட வேண்டும். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி கம்பியை அறுக்கும். நுழையும் இடத்துக்கு வெளியே கம்பி கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து பிறகு மேலேறி உள்ளே போகட்டும். மழைத்தண்ணீர் கம்பி வழியே ஓடிவந்தாலும் வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.

உள்ளே, தரை விரிப்புக்கு அடியில் ஓரமாகக் கொண்டுவந்து டாஷ்போர்டுக்கு ஏற்றுங்கள். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் பக்கம் ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது.

திரையின் சிவப்பை மெல்லிய சிவப்போடு இணையுங்கள். கறுப்பை டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு இரும்பு போல்ட்டில் இணையுங்கள். மஞ்சள் பின்னைச் சொருகுங்கள். திரையில் இரண்டு வீடியோ வழி இருந்தால், கேமராவுக்கென்று குறித்திருப்பதில் போடுங்கள். ரோட்டை மறைக்காத இடத்தில் திரையை ஒட்டுங்கள்.

இந்த முறையில் ரிவர்ஸில் மட்டும்தான் திரைக்கு மின்சாரம். வண்டி வாரக்கணக்கில் நின்றாலும் பேட்டரி இறங்காது. கியர் போட்டதும் படம் வர ஒன்றிரண்டு விநாடி ஆகும். படம் வந்த பிறகு கிளட்சை விடுவது என்று பழகிக்கொள்ளுங்கள்.

சோதனையும் சாம்பல் கோடும்

நெகட்டிவைத் திரும்ப மாட்டி, சாவி ஆன், ரிவர்ஸ். படம் வர வேண்டும். இப்போது ஒருவர் வண்டிக்குப் பின்னால், டிரைவர் பக்கமாக நிற்கட்டும். திரையிலும் அவர் வலப்பக்கம் தெரிய வேண்டும். இடப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, யாரை விலக்க நினைத்தோமோ அவர் மேலேயே ஏற்றுவோம். பல கேமராக்களில் இதற்கென ஒரு சிறு கம்பி வளையம் இருக்கும். அதை வெட்டினால் படம் திரும்பும். இன்னொரு வளையம் திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளுக்கு. எது எதற்கு என்று பெட்டியில் உள்ள தாளைப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

அடுத்து சாய்வு. படத்தின் கீழ் ஓரத்தில் பம்பரின் விளிம்பு லேசாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் வண்டிக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளி புரியும். சரியானதும் போல்ட்டை இறுக்குங்கள்.

கேமராவின் கண்ணாடி அகலப் பார்வை உள்ளது. அதனால் எல்லாப் பொருளும் உண்மையைவிடத் தள்ளி இருப்பது போலத் தெரியும். திரையில் வரும் நிறக்கோடுகளையும் நம்ப முடியாது. அவை உங்கள் வண்டியின் உயரம் தெரியாமல் போட்டவை. நம்ம அளவை நாமே போட்டுக்கொள்ளலாம். வண்டியின் பின்பக்கத்திலிருந்து 3 அடி, 6 அடி, 10 அடி தூரங்களில் தரையில் சாம்பலால் வண்டி அகலத்துக்குக் குறுக்குக் கோடு போடுங்கள். எந்தக் கோடு திரையில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரையின் ஓரத்தில் பொட்டு மாதிரி சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அடையாளம் வைக்கலாம். வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லாரையும் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

பிறகு அந்தக் குடத்தை மறுபடி எடுங்கள். பம்பரை ஒட்டி, இரண்டு மூலைகளிலும், நடுவிலும் வைத்துப் பாருங்கள். மூலையில் தெரியாத இடம் இருந்தால் அது எவ்வளவு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

படம் வரவில்லையா?

திரையே எரியவில்லை என்றால் பியூஸ், பிறகு திரையின் எர்த், பிறகு மெல்லிய சிவப்பு. திரை எரிகிறது, 'சிக்னல் இல்லை' என்கிறது என்றால் கேமராவின் மின்சாரம், எர்த், மஞ்சள் பின்; எல்லாம் சரி என்றால் கேமரா வகையும் திரை வகையும் பொருந்தவில்லை. இன்ஜின் ஓடும்போது மட்டும் கோடு ஆடினால் எர்த்தை இறுக்குங்கள். நன்றாக வந்த படம் மழைக்காலத்தில் மங்கினால் கேமராவுக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். எல்.இ.டி. விளக்குள்ள புதிய வண்டிகள் சிலவற்றில் ரிவர்ஸ் மின்சாரம் விட்டு விட்டு வரும்; படம் மினுக்கினால் ரிலே போட ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

பல டிராக்டர்களில் ரிவர்ஸ் விளக்கும் இல்லை, கியர் சுவிட்சும் இல்லை. அப்போது சாவி ஆன் ஆனால் மின்சாரம் வரும் ஒரு கம்பியிலிருந்து பியூஸ் போட்டு எடுத்து, நடுவில் கையால் போடும் சுவிட்ச் ஒன்று வையுங்கள். டிரெய்லரின் பின்னால் கேமரா வைத்தால், டிரெய்லரைக் கழற்றும் இடத்தில் திருகி மாட்டும் நான்கு பின் கனெக்டர் வேண்டும். அதற்கு மூடியும் வேண்டும். ரொட்டவேட்டர் மாட்டும்போது பின்னால் நிற்கும் ஆளைப் பார்க்கவும் இது உதவும். ஆனால் டிராக்டரில் திரைக்கு மேல் வெயில் நேராக விழும். ஒரு சின்னக் கூரை கட்டினால்தான் படம் தெரியும்.

செலவுக் கணக்கு

பழைய பழக்கம், கணக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. கேமராவும் திரையும் 2,300 ரூபாய். நெளிவு பைப் 10 மீட்டர் 150. பியூஸ், கூடு 40. ஸ்லீவ், டை, கனெக்டர் 120. தகடு, போல்ட் 90. மொத்தம் 2,700. கூலி, நம்ம அரை நாள். ஊருக்கு ஊர் விலை மாறும். எனக்கு ஆனது இது.

இன்ஷூரன்ஸில் இப்படிப் புதிதாகப் பொருத்திய மின் சாதனங்களைச் சேர்க்கத் தனிப் பிரீமியம் உண்டு. சேர்க்காவிட்டால் கேமராவுக்கு இழப்பீடு வராது. இந்தத் தொகைக்குச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் சேர்க்கவில்லை.

கேமரா இருந்தாலும்

கேமராவின் கண்ணாடி ஒரு ரூபாய்க் காசு அளவுகூட இல்லை. ஒரு துளி சாணி போதும், மொத்தமும் மறைய. காலையில் வண்டி எடுக்கும்போது ஈரத் துணியால் ஒரு துடைப்பு துடையுங்கள். மாதம் ஒருமுறை டைகளையும் எர்த்தையும் இழுத்துப் பாருங்கள்.

திரை இருக்கிறதே என்று பக்கக் கண்ணாடிகளைப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. கேமரா நேர் பின்னால் இருப்பதைக் காட்டும். பக்கத்திலிருந்து ஓடிவருகிற குழந்தையை வந்த பிறகுதான் காட்டும். அதனால் வாசலிலும் களத்திலும் இரண்டு வழக்கங்களை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறும் முன் ஒருமுறை சுற்றி நடந்து வாருங்கள். குழந்தைகள் வீட்டில் இருக்கும் நாளில், அவர்கள் யார் கையைப் பிடித்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். எங்கள் வீட்டில் பேரன், "அப்புச்சி, நான் திண்ணையில இருக்கேன்!" என்று கத்திச் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். அதைச் சொல்வதற்காகவே இப்போது அவன் திண்ணைக்கு ஓடுகிறான்.

பொருத்தும்போது சந்தேகம் வந்தால் வண்டியின் பெயர், ஆண்டு, அதில் ரிவர்ஸ் விளக்கு உண்டா இல்லையா என்பதைக் குறிப்பிட்டு இதழுக்கு எழுதுங்கள். தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால், இன்றைக்கு மாலையே அந்தக் குடம் சோதனையை மட்டும் செய்து பாருங்கள்.